தூண் இருந்த இடம்

தம்பி, இந்தக் கடுதாசியை நீ ரயில்ல தொங்கிக்கிட்டுப் படிக்காத. வீட்டுக்குப் போயி உக்காந்து படி. பக்கத்துல உன் பொண்டாட்டி இருந்தா அவளையும் உக்காரச் சொல்லு, ஏழு மாசக்காரி. போன்லயே சொல்லிடலாம்னு நாலு தடவை எடுத்தேன். "அம்மா, வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சுதா?"ன்னு நீ கேட்டதும் "முடிஞ்சுது சாமி"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். நீ எழுதி அனுப்புனதெல்லாம் முடிஞ்சுது, அது நெசந்தான். ஆனா நான் சொல்லவேண்டியது ஒண்ணு முப்பது வருஷமா சொல்லாம கெடக்கு. தாயில்லாத பொண்ணு, தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டை நம்பி ஜப்பான்லேருந்து வர்றா. அதைச் சொல்லாம அவளை இந்த வாசப்படி ஏறச் சொல்ல எனக்கு வாய் வரல. நம்ம தெருவுல இன்னும் மூணு வீட்டுல நான் செஞ்ச அதே காரியத்தைச் செஞ்சு வச்சிருக்காங்க. அதனால இதை ஊரு முழுக்கப் படிக்கிற மாதிரியே எழுதுறேன். திட்டுறவங்க திட்டிட்டுப் போகட்டும், அவங்க வீட்டைப் போயிப் பாத்தாங்கன்னா எனக்கு அது போதும்.

பங்குனியில பூமி ஆடுச்சே, அன்னைக்கு நான் உன்கிட்ட சொன்னது முழுப் பொய். "ஒண்ணும் ஆகலப்பா, லாரி போன மாதிரி இருந்துச்சு"ன்னேன். என்ன நடந்துச்சுன்னா, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நான் கூடத்துல உக்காந்து உளுந்து பொடைச்சுக்கிட்டிருந்தேன். எதுத்தாப்ல அறுத்த வயல்ல வாத்து மேய விட்டிருந்தாங்க. ஐநூறு உருப்படி இருக்கும், விடிஞ்சதுலேருந்து ஒரே கத்தல், காது ஓட்டையாப் போயிருச்சு. திடீர்னு அந்தச் சத்தம் நின்னுபோச்சு. என்னடா இதுன்னு ஜன்னல் வழியா பாத்தா, அத்தனை வாத்தும் கழுத்தை நீட்டிக்கிட்டு அசையாம நிக்குது. எல்லாத்துக்கும் மூஞ்சி நம்ம வீட்டுப் பக்கம். கையில இருந்த முறத்துல உளுந்து தானா ஒரு ஓரமா நகந்துச்சு. நான் ஆட்டல தம்பி, சத்தியமா நான் ஆட்டல. அப்புறம் அடுக்களையில தட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற மாதிரி கிணுகிணுன்னுச்சு. அம்புட்டுத்தான், பத்து எண்ணுறதுக்குள்ள நின்னுபோச்சு. வாத்துங்க மறுபடியும் கத்த ஆரம்பிச்சிருச்சு.

நான் எந்திரிக்கலாம்னு கையை ஊணும்போது எனக்கு முன்னால பொத்துன்னு விழுந்துச்சு. மேக்கூரையிலேருந்து காரை. கூடத்துக்கு நட்ட நடுவுல, தலைவாசலுக்கு நேரா, ஒரு முழத்துக்கு ஒரு முழம். ஒடஞ்சு செதறல, வெட்டி வச்ச மாதிரி சதுரமா விழுந்து கெடந்துச்சு. மேல அண்ணாந்து பாத்தேன். அந்தச் சதுரத்துக்குள்ள எட்டு இரும்புக் கம்பி, எட்டும் அறுபட்ட நுனி, துருப்பிடிச்சுக் கீழ பாத்துக்கிட்டு நின்னுச்சு. முப்பது வருஷங் கழிச்சு அதை மறுபடியும் பாத்தேன். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்து பெருக்கி, முறத்துல அள்ளி, கொல்லையில கொண்டுபோய்க் கொட்டிட்டு, கையைக் கழுவிட்டு, நீ போன் பண்ணப்ப "லாரி"ன்னு சொன்னேன்.

உனக்கு முன்னால ஒரு பொண்ணு பொறந்துச்சுன்னு உனக்குத் தெரியும். பதினோரு நாள் இருந்துச்சு. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. நாங்க இந்த வீட்டுக்குக் குடி வந்து ரெண்டே மாசம் அப்ப. உங்கப்பா மஸ்கட்ல கொத்தனார் வேலை பாத்து, லீவுல வந்து, தன் கையாலேயே எழுப்புன வீடு இது. நம்ம சனத்துல தளம் போட்ட வீடு கட்டுன மொத ஆளு அவருதான். கூடம் அகலமா இருக்கணும்னு ஆசைப்பட்டாரு, அதனால நடுவுல ஒத்தைத் தூண் நிறுத்துனாரு. இந்தப் பக்கத்து உத்தரமும் அந்தப் பக்கத்து உத்தரமும் வந்து அது தலையில உக்காரும். புள்ளை போனதுக்கப்புறம் மனையடி பாக்குறவர் ஒருத்தரை என் பெரிய நாத்தனா கூட்டிட்டு வந்தா. அவரு தலைவாசல்ல நின்னு உள்ள பாத்த உடனே உதட்டைப் பிதுக்குனாரு. "வாசலுக்கு நேரா தூண் நிக்குதேம்மா. இது தூண்குத்து. உள்ள வர்ற உசுரை நெஞ்சுல குத்தும்"னாரு. பெத்த வயிறு தம்பி. பதினோரு நாள் பால் கட்டுன மாரு. அந்த ஒரு வார்த்தை போயி எங்க உக்காரும்னு நீயே பாத்துக்க. உங்கப்பா சிரிச்சாரு. "தூணை எடுத்தா வீடு எதும் மேல நிக்கும், உன் நாத்தனா தலை மேலயா?"ன்னு கேட்டுட்டு லீவு முடிஞ்சு போயிட்டாரு. அவரு போயி அடுத்த மாசம் நீ வயித்துல இருக்கேன்னு தெரிஞ்சுது.

அஞ்சாவது மாசம் நான் பக்கத்து ஊருலேருந்து ஒரு கொத்தனாரை வரச் சொன்னேன். உங்கப்பாவுக்கு எழுதல, கேக்கல. அந்த ஆளு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "மேல மாடி இல்லைல்ல, உத்தரம் தாங்கிக்கும்"னான். ரெண்டு நாள் ஒடச்சான். கம்பியை ஆக்சா பிளேடு போட்டு அறுத்தான், அந்தச் சத்தம் இன்னைக்கும் பல்லுல இருக்கு. மேலயும் கீழயும் பூசி, வெள்ளையடிச்சுட்டுப் போயிட்டான். வீடு விழல. நீ பொறந்தே, நல்லா இருந்தே. பாத்தியா, நாந்தான் சரின்னு எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. அந்த நெஞ்சு நிமிந்ததைத்தான் இன்னைக்கு நெனைச்சா எனக்குக் கூசுது.

ஆனா அன்னையிலேருந்து சில சங்கதி நடந்துச்சு, நான் யாருகிட்டயும் சொல்லல. தினம் மத்தியானம் மூணு மணி வாக்குல மேக்கூரையில "டக்"குன்னு ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு சத்தம். வெயிலுக்கு வர்றதுன்னு வச்சுக்கலாம், ஆனா அடைமழைக் காலத்துலயும் வந்துச்சே. இன்னொண்ணு, வீட்டுக்கு வர்றவங்க யாரும் அந்த எடத்தை மிதிக்க மாட்டாங்க. தூண் இருந்ததே தெரியாத ஆளுங்க, பால்காரன், கேஸ் கொண்டாற பையன், உன் கூடப் படிச்ச பசங்க, எல்லாரும் தலைவாசல் வழியா நேரா வந்து அந்த எடத்துக்கிட்ட வந்ததும் ஒரு எட்டு வெலகிச் சுத்திக்கிட்டுத்தான் போவாங்க. ஏன்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. நானும் பல தடவை நேரா நடந்து பாக்கணும்னு நெனைப்பேன், கால் தானா வெலகிரும்.

அப்புறம் நீ. நீ நடை பழகுனது இந்தக் கூடத்துலதான். நாலு எட்டு வைப்பே, நேரா அந்த எடத்துக்குப் போவே, வலது கையைத் தோள் ஒசரத்துக்குத் தூக்கி வெறுங்காத்துல ஊணிக்கிட்டு நிப்பே. எதையோ புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. விழ மாட்டே. மத்த எடத்துலயெல்லாம் பொத்துப் பொத்துன்னு விழுந்த புள்ள, அங்க மட்டும் கையை ஊணிக்கிட்டு ஒரு நாழி நிப்பே. மேல பாத்துச் சிரிப்பே. செத்துப்போன உன் அக்கா கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்னுதான் நான் நெனைச்சேன். யாருக்கும் சொல்லாம செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை அந்த எடத்துல ஒரு கிண்ணம் பால் வச்சேன். அதையும் இப்ப சொல்லிட்டேன், சிரிச்சுக்க.

உனக்கு ஒண்ணரை வயசு நடக்கும்போது உங்கப்பா வந்தாரு. பொட்டியைக் கூட எறக்கல. தலைவாசல்ல நின்னு உள்ள பாத்தாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, உன்னைப் பாத்தாரு. நீ அங்க கையை ஊணிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தே. ஓடிப்போய் உன்னை அள்ளிக்கிட்டு கொல்லைப்பக்கம் போயிட்டாரு. அவரு ஓடி அன்னைக்குத்தான் பாத்தேன். அப்புறம் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, சத்தம் போடாமத்தான் சொன்னாரு. "இந்தா பாரு, நிக்கிற வீடு வேற, ஆடுனா நிக்கிற வீடு வேற. நான் வேலை பாக்குற எடத்துல இதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுக்குறாங்க. தூணைத் திரும்ப நிறுத்திருவோம்." அதுக்கு நான் சொன்னது இதுதான். "தூணை நிறுத்துனீங்கன்னா மறுநா காலையில என்னைக் கெணத்துல தேடுங்க"ன்னேன். சும்மா சொல்லல, சொல்லும்போது மெய்யாத்தான் சொன்னேன். அவருக்கும் அது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்தத் தூணைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

பேசலையே தவிர, சும்மா இருக்கல. தரை மட்டம் சரியில்லைன்னு சொல்லி, கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு நாள் அந்தச் சதுரத்தை மட்டும் பேத்து அவரே பூசுனாரு. உன் தொட்டிலைக் கூடத்துலேருந்து கழட்டிப் பின்னறைக்குக் கொண்டுபோனாரு. மஸ்கட்டை விட்டுட்டு ஒரேயடியா வந்தப்புறம், தன் நாக்காலியைத் தூக்கிட்டு வந்து சரியா அந்த எடத்துல போட்டு உக்காந்தாரு. உன்னை விட்டா அந்த எடத்துல கால் வச்ச ஒரே மனுசன் அவருதான். "ஏங்க அங்கயே உக்காந்திருக்கீங்க?"ன்னா, "இங்க காத்து வருது"ம்பாரு. அங்க ஏது காத்து? முதுகை நாக்காலியில சாய்க்காம நெட்டுக்குத்தலா உக்காந்திருப்பாரு, கை ரெண்டும் முட்டியில. மூணு மணிக்கு அந்தச் சத்தம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்குவாரு. பூமியில ஏதாவது நடந்தா தானே தாங்கிக்கலாம்னு நெனைச்சாரோ என்னமோ. உன்னை அவரு அடிச்சது ஒரே ஒரு தடவை, கூடத்துல ஸ்கிப்பிங் குதிச்சதுக்கு. அது உனக்கு மறக்கலைன்னு எனக்குத் தெரியும். அதுக்கு அர்த்தம் இப்ப புரியுதா?

மாடி விஷயத்துக்கு வர்றேன். வேலைக்குப் போன புதுசுல, மாடி எடுக்கணும்னு நீ எவ்வளவு ஆசையா வரைபடமெல்லாம் கொண்டாந்தே. "என் காலம் இருக்குற வரைக்கும் இந்த வீட்டு மேல ஒரு செங்கல் ஏறக்கூடாது"ன்னாரு. ஏன்னு கேட்டே, அதையேதான் திரும்பச் சொன்னாரு. "அப்பன் கட்டுனதுக்கு மேல புள்ள கட்டிருவானோன்னு உங்களுக்குப் பொறாமைப்பா"ன்னு நீ கத்துனே. அவரு நாக்காலியை விட்டு எந்திரிக்கல. என்னை ஒரு பார்வை பாத்தாரு. அந்த ஒரு பார்வைக்கு நான் வாயைத் தொறந்திருக்கணும். "தூணை எடுத்தது நாந்தாண்டா, அதனாலதான் வேணாங்குறாரு"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் காப்பி ஆறுதுன்னு அடுக்களைக்குள்ள போயிட்டேன். நீ தலைவாசக் கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனே. மேலேருந்து பொடி உதுந்து அவரு தோள்ல விழுந்துச்சு, அவரு அதைத் தட்டிக்கூட விடல. மூணு வருஷம் நீ அவருகூடப் பேசல. கொள்ளி வைக்கத்தான் வந்தே.

இப்ப நீ அனுப்புன சங்கதிக்கு வர்றேன். "எங்க ஊருல வாரத்துக்கு ஒருதரம் ஆடுது, இங்க எல்லா வீட்டுலயும் இதையெல்லாம் செய்றாங்க, நாங்க வர்றதுக்குள்ள செஞ்சு வைம்மா"ன்னு எழுதியிருந்தியே, அதைத் தாள்ல எழுதிக்கிட்டு ஒவ்வொண்ணா ஆரம்பிச்சேன். செருப்பைக் கட்டிலுக்கடியில வைக்கச் சொன்னே. வீட்டுக்குள்ள செருப்பா, இது என்ன கூத்துடான்னு மொதல்ல திட்டுனேன். ராத்திரியில கண்ணாடி ஒடஞ்சு கெடந்தா காலைக் கிழிக்குமேன்னு அப்புறம் தோணுச்சு, வச்சுட்டேன். பீரோவைச் செவுத்தோட சேத்து முடுக்கணும்னே. திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவுல இரும்புக் கடை வச்சிருக்காரே காதர் பாய், உங்கப்பாவோட மஸ்கட்ல ஒண்ணா இருந்தவரு, அவரைக் கூப்பிட்டேன். அவரு மகனையும் கூட்டிக்கிட்டு வந்து பீரோவை நகத்தப் பாத்தாரு. அசையல. மூணு பேரு சேந்து தள்ளுனோம், அசையல. டார்ச் அடிச்சுப் பின்னால பாத்த பாய் அப்படியே நின்னுட்டாரு. "அண்ணி, இது ஏற்கெனவே முடுக்கியிருக்குங்க. நாலு போல்ட்டு. என் கடையில அண்ணன் வாங்குனதுதான். பீரோவுக்கு எதுக்குண்ணே இம்புட்டு நீட்டு போல்ட்டுன்னு அப்பவே கேட்டேன், 'ஆடுனா நிக்கணும் பாய்'ன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனைச்சேன்."

எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிருச்சு. பரண் மேல இருக்குற பித்தளை அண்டாவெல்லாம் உருளாம ஓரத்துல சட்டம் அடிக்கணும்னு எழுதியிருந்தே. ஏறிப் பாத்தா சட்டம் இருக்கு. எலி வரக்கூடாதுன்னு அடிச்சதுன்னு இத்தனை வருஷமா நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன், எலி என்னைக்குடா சட்டத்துக்குப் பயந்துச்சு? கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலின்னே. செவுத்துல வளையம் இருக்கு, சங்கிலி தொங்குது, நான் அதுல கரித்துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். படமெல்லாம் ரெண்டு ஆணியில கம்பி போட்டு முறுக்கியிருக்கு. பின்னறைக் கட்டில் எதுவும் ஜன்னலுக்கடியில இல்லை, காலு தரையோட பூட்டியிருக்கு. மொட்டைமாடித் தண்ணித்தொட்டியை எறக்கணும்னே, அதைத்தான் அவரு நீ பள்ளிக்கூடம் போறப்பவே எறக்கி, கொல்லையில தனி மேடை கட்டி வச்சிட்டாரே! தாளைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு அறையாப் போறேன், நான் போற எடத்துக்கெல்லாம் உங்கப்பா கை எனக்கு முன்னால போயிருக்கு. நீ ஜப்பான்லேருந்து போன மாசம் எழுதுன தாளு தம்பி. செத்து ரெண்டு வருஷமான மனுசன் அதை வரி வரியாப் படிச்ச மாதிரி செஞ்சு வச்சிருக்காரு. அந்தப் பட்டப்பகல்ல, பாய் கூடத்துல நிக்கும்போதே, எனக்குப் பின்னால யாரோ நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். அவரு நாக்காலி மட்டும் கெடந்துச்சு. "பாய், நாங்க வாழ்ந்தது வீட்டுலயா, வெடிகுண்டுலயா?"ன்னு கேட்டுட்டு அங்கயே உக்காந்து அழுதேன். சாகுற வரைக்கும் அவரு பயந்துக்கிட்டே இருந்திருக்காரு, ஒத்தையில. நான் ஜம்முன்னு தூங்கியிருக்கேன்.

மறுவாரமே தஞ்சாவூருலேருந்து ஒரு இஞ்சினியர் பொண்ணை வரவழைச்சேன். உன் வயசுதான், ஒத்தைப் பின்னல், டேப்பும் நோட்டும் தோள்பையில. தலைவாசல் வழியா வந்தா, நடுக்கூடத்துக்கிட்ட வந்ததும் அவளும் ஒரு எட்டு வெலகித்தான் போனா. மேல அந்த எட்டுக் கம்பியைப் பாத்தா. "இங்க ஒரு தூண் இருந்திருக்குமேம்மா?"ன்னா. அப்பவும் பாரு இந்த நாக்கை, "இல்லையே"ன்னுச்சு. அவ இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நூலைப் புடிச்சுக் கட்டுனா. உத்தரம் நடுவுல ரெண்டு வெரக்கடை கீழ தொங்கியிருந்துச்சு. "பங்குனியில ஆடுனது இன்னும் பத்து எண்ணுற நேரம் ஆடியிருந்தா நீங்க என்கிட்ட இல்லைன்னு சொல்றதுக்கு இருந்திருக்க மாட்டீங்கம்மா"ன்னா. பட்டுன்னு கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் சொன்னேன். ஜன்னல் வாசல் தலைக்கு மேல வீட்டைச் சுத்தி ஓடுற கான்கிரீட்டுப் பட்டையைத் தட்டிப் பாத்துட்டு, "இதை யாரு கட்டுனது?"ன்னா. வீட்டுக்காரருன்னேன். "புள்ளைக்கு அரைஞாண் கட்டுன மாதிரி சுத்தி வரக் கட்டியிருக்காரு. இது இருக்கப்போயித்தான் வீடு இன்னும் நிக்குது"ன்னு சொன்னா.

மொதல்ல உத்தரத்துக்குக் கீழ இரும்பு முட்டுக் குடுத்து, ஜாக்கி போட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனாங்க. ஒரு திருகு திருகுவாங்க, ஒரு நாள் விடுவாங்க. மூணாவது நாள், மத்தியானம் மூணு மணி ஆச்சு, மூணரை ஆச்சு. அந்தச் சத்தம் வரல. முப்பது வருஷம் கேட்ட சத்தம். வீடு அம்புட்டு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்லை. வேலையாளுங்களெல்லாம் கொல்லையில டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க, நான் மட்டும் கூடத்துல நின்னுக்கிட்டு, வா வான்னு அந்தச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருந்தேன். என்னமோ அதுதான் வீட்டுல என்கூட இருந்த மாதிரி.

நாலாவது நாள் தரையைப் பேத்தாங்க. உங்கப்பா பூசுன அந்தச் சதுரம். மேல ஒரு பலகைக் கல்லு, கல்லுக்கடியில ஆத்து மணலு. மணலை அள்ளுனா கோணிச் சாக்கு, சாக்கைப் பிரிச்சா பிளாஸ்டிக் தாளு, தாளைப் பிரிச்சா கிரீஸ். கிரீஸுக்குள்ள எட்டுக் கம்பி. பழைய தூணோட அடிக்கட்டையை ஒரு முழ ஆழத்துக்குக் கொத்தி எடுத்து, கம்பியெல்லாம் நீட்டி நிமித்தி, ஒரு பொட்டுத் துரு இல்லாம சுத்தி வச்சிருந்தாரு. மேல துரு தின்ன எட்டு நுனி, கீழ நேத்து வெட்டுன மாதிரி பளபளன்னு எட்டு நுனி. கம்பிக்கு நடுவுல அவரோட தூக்குக்குண்டு கெடந்துச்சு, செவுரு நேரா இருக்கான்னு நூலுல கட்டிப் பாப்பாங்களே, அது. காணாப்போச்சுன்னு சொன்னாரு என்கிட்ட. மையம் எதுன்னு யாருக்கும் தப்பக்கூடாதுன்னு அங்கயே வச்சு மூடியிருக்காரு. வேலைக்கு வந்த பெரிய கொத்தனாரு தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துட்டாரு. "யாரோ நாளைக்கு வந்து வேலையைத் தொடங்குறேன்னு சொல்லிட்டுப் போன மாதிரி இருக்குதும்மா"ன்னாரு. உங்கப்பா காத்துக்கிட்டிருந்தது பூமி ஆடுறதுக்கு இல்லை தம்பி. எனக்கு. நான் ஒரு வார்த்தை சொல்லுவேன்னு. தினம் அதும் மேல நாக்காலியைப் போட்டு உக்காந்துக்கிட்டு.

அதே குண்டை நூலுல கட்டி மேலேருந்து எறக்குனாங்க. எந்தக் குண்டும் கொஞ்ச நேரம் ஆடித்தான் நிக்கும். இது எறங்குன எடத்துல நின்னுச்சு, ஒரு பொட்டு ஆடல. பழங்கம்பியோட புதுக்கம்பியைச் சேத்துக் கட்டி, பலகையடிச்சு, கலவை ஊத்துனாங்க. தூண் நின்னுருச்சு. செவுரு மூலைக்கெல்லாம் கம்பி வலை அடிச்சுப் பூசியாச்சு. மாடி பத்தி அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தப்புறம் பேசலாம், அவசரப்படாத. உனக்கு நான் சொல்ற புத்தி ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு உன் பொண்டாட்டிக்கு ஏதாவது ஒண்ணுல பயம் புடிச்சுக்கிட்டா, அவளை எதுத்தும் பேசாத, உங்கப்பா மாதிரி வாயை மூடிக்கிட்டு சுமக்கவும் சுமக்காத. அவரு என்மேல வச்ச பாசம் பெருசுதான். ஆனா தெனம் பக்கத்துல உக்காந்து, திட்டியாவது, என்னை அந்தப் பயத்துலேருந்து வெளிய இழுத்திருக்கலாம். நானும் வந்திருக்கலாம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பூசி மறைச்சுக்கிட்டே முப்பது வருஷத்தை ஓட்டிட்டோம். நடுவுல நீ உங்கப்பாவைத் தொலைச்சுட்டே. அதுக்கு என்னை மன்னிக்கணும்னு நான் கேக்கல, கேக்குற யோக்கியதை இல்லை. அவரு பொறாமைக்காரரு இல்லைன்னு நீ தெரிஞ்சுக்கிட்டா போதும்.

இப்ப வீட்டுக்கு வர்றவங்க யாரும் நின்னு யோசிக்கிறதில்லை, தூண் கண்ணுக்குத் தெரியுது, சுத்திக்கிட்டுப் போறாங்க. அந்த இஞ்சினியர் பொண்ணுகிட்ட நீ கையை ஊணிக்கிட்டு நின்ன கதையைச் சொன்னேன். அவ நோட்டை மூடிட்டா. அன்னைக்கு நீ எதைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

ஒண்ணை ஒளிக்காம சொல்லிடறேன். எனக்குப் பயம் போகல. தலைவாசல்ல நின்னு பாத்தா அது நேரா என் நெஞ்சைப் பாத்து நிக்கிறது இன்னமும் எனக்குத் தெரியுது. புத்திக்குத் தெரிஞ்சது வயித்துக்குத் தெரிய மாட்டேங்குது. அதனால நீங்க வர்ற அன்னைக்கு நான் வாசலுக்கு வர மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. ஆலம் சுத்த காதர் பாய் வீட்டு அம்மாவை நிக்கச் சொல்லியிருக்கேன், தீபமும் தட்டும் எடுத்து வச்சாச்சு. நான் உள்ள, தூணுக்கு முன்னால, முதுகை அதுல ஒட்டிக்கிட்டு நிப்பேன். குத்துன்னு ஒண்ணு இருந்தா அது என்னைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும். நீ அவ கையைப் புடிச்சுக்கிட்டு நேரா நடந்து வா, வெலகாத. கிட்ட வந்ததும் என்னை நகத்திட்டு, வலது கையை அன்னைக்கு மாதிரி தோள் ஒசரத்துக்குத் தூக்கி அதுல ஊணு. உங்கப்பா இருக்காரு, தாங்குவாரு.

உன்னையும் அவரையும் பிரிச்ச
அம்மா